மதிப்பீட்டைவிட 28 சதவீதம் அதிகம்: மாநகராட்சிப் பள்ளிக் கூரைக்கு மறுபடியும் மறு ஒப்பந்தப்புள்ளி

வார்டுவாசி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வார்டிலுள்ள மாநகராட்சி நடுநிலைப் பள்ளியின் பழைய கட்டடம் மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கியது) போட்டது. மழை பெய்தால் நான்கு வகுப்பறைகளில் ஒழுகுகிறது. ஓர் உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையில் உளுத்துப்போய், கீழே சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வகுப்புப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

பழுதுபார்க்க 38.40 லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு போட்டு நிர்வாக அனுமதியும் வாங்கியாயிற்று. முதலில் ஒப்பந்தப்புள்ளி கோரியபோது ஒருவரும் வரவில்லை. அடுத்த முறை ஒரே ஒருவர். இந்த முறை மூவர் போட்டார்கள். அதில் குறைந்தது 49.15 லட்சம். சென்ற வாரம் மன்றக் கூட்டத்தில், "மதிப்பீட்டைவிட மிக அதிகமாக இருப்பதால் நிராகரித்து மறு ஒப்பந்தப்புள்ளி கோரலாம்" என்று பொருள் வைத்து, விவாதமே இல்லாமல் நிறைவேற்றிவிட்டார்கள்.

பெற்றோர் சார்பில் ஆணையரிடம் மனு கொடுக்கப்போகிறோம். "விரைந்து நடவடிக்கை எடுக்குமாறு" என்று எழுதினால் அது பத்தோடு பதினொன்றாகக் கோப்பில் போய்ச் சேரும். நிராகரிப்பதைத் தவிர வேறு என்ன வழி இருந்தது என்று துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஊர் எது என்று ஊகிக்க வேண்டாம்.

நறுக்

இதில் என்ன புதிர்? மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து விலை எழுதியிருப்பார்கள். ஒருவர் எடுக்க, இருவர் துணைக்கு. நிராகரித்தது சரிதான். மக்கள் பணம் 11 லட்சம் மிச்சம்.

அளவுநாடா

மிச்சம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வேலை நடக்கவில்லையே. நடக்காத வேலையில் மிச்சம் பிடிப்பது எந்த ஊர்க் கணக்கு?

உள்ளாட்சியில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வார்டுவாசி, மூவரின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் மதிப்பீட்டின் வயதைக் கேளுங்கள். மதிப்பீடு எந்த ஆண்டின் விலைவிகிதப் பட்டியலில் (பொருளுக்கும் கூலிக்கும் அரசு குறிக்கும் விலை) போட்டது? பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் அதைத் திருத்துகிறது. ஆனால் கோப்பு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, நிதி ஒதுக்கீடு என்று படி ஏறி இறங்குவதற்குள் பட்டியல் இரண்டு முறை மாறிவிடும். மதிப்பீட்டை மட்டும் யாரும் தொடமாட்டார்கள், தொட்டால் கோப்பு மறுபடி முதல் மேசைக்குப் போகும் என்ற பயம். ஒப்பந்ததாரரோ இன்றைய சிமென்ட்டை இன்றைய விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும்.

வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டீர்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1998-இல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது, விதிகள் 2000-இல். அந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, மிகக் குறைந்த புள்ளிகூடச் சந்தை விலையையோ விலைப்பட்டியலையோ விட அதிகம் என்று ஏற்கும் அதிகாரி கருதினால், விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசலாம். ஆனால் அந்தக் குறைந்த புள்ளிக்காரர் ஒருவரோடு மட்டும்தான். இரண்டாமவரைக் கூப்பிட்டு "நீ குறைக்கிறாயா" என்று கேட்க முடியாது. ஆகவே நிராகரிப்பு ஒன்றுதான் வழி என்பது பொய். பேசிப் பார்த்தார்களா என்பதே முதல் கேள்வி.

சாரப்பலகை

நான் ஒப்பந்தப்புள்ளி போடும் பக்கத்து ஆள். சிறிய ஒப்பந்ததாரன், பழுதுபார்ப்பு வேலைகள்தான் அதிகம். நறுக் அவர்களே, கூட்டுச் சேர்ந்து போடுகிறவர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே அழைப்பு வந்திருக்கிறது. ஆனால் 28 சதவீதம் அதிகம் என்றதும் எல்லோரையும் கள்ளர் வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை.

பள்ளிக் கட்டடத்தில் வேலை என்றால் மாலை நான்கு மணிக்கு மேலும் விடுமுறை நாளிலும்தான் சுத்தியலை எடுக்க முடியும். கொத்தனாருக்கு நாள்கூலி முழுசாகக் கொடுக்க வேண்டும், கிடைப்பது அரை நாள் வேலை. பழைய இடிபாட்டைத் தலைச்சுமையாகத்தான் இறக்க வேண்டும், லாரி உள்ளே வராது. பட்டியல் விலை திறந்த மனையில் புதுக் கட்டடம் எழுப்புகிறவனை நினைத்துப் போட்டது.

அடுத்தது பில். வேலை முடிந்து அளவீட்டுப் புத்தகத்தில் ஏறிய பிறகும் பணம் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் வட்டிக்கு வாங்கித்தான் ஆள்களுக்குக் கூலி கொடுக்கிறேன். அந்த வட்டியை விலையில் ஏற்றாமல் எங்கே ஏற்றுவது? ஒழுங்காகப் பணம் கொடுக்கும் உள்ளாட்சிக்கு நான் குறைத்தே போடுகிறேன். வட்டாரத்தில் எல்லோரும் அப்படித்தான்.

நறுக்

உருக்கமாக இருக்கிறது. மூன்று பேரின் விலையும் ஒட்டி ஒட்டி இருந்தால் அப்போதும் வட்டிதான் காரணமா?

தணிக்கைத்தடை

இருவருமே ஊகத்தில் பேசுகிறீர்கள். கூட்டுச் சதியா இல்லையா என்பதை மொத்தத் தொகையிலிருந்து சொல்லவே முடியாது. இனவாரியாக, அதாவது மதிப்பீட்டில் உள்ள ஒவ்வொரு வேலையாக, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூவரின் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஓர் இனத்தில் ஒருவர் உயர்ந்தும் இன்னொன்றில் தாழ்ந்தும் இருப்பது இயல்பு. எல்லா இனத்திலும் ஒரே விகிதத்தில் இரண்டாமவரும் மூன்றாமவரும் ஏறிப்போனால், அது ஒரே தாளிலிருந்து பெருக்கிப் போட்டது. முன்வைப்புத் தொகைக்கான (ஒப்பந்தப்புள்ளியோடு கட்டும் பிணைப் பணம்) வரைவோலைகள் ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்களில் இருந்தாலும் சந்தேகம் வர வேண்டும். அப்படிப் பிடிபட்டால் மறு ஒப்பந்தப்புள்ளி போதாது. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3(3)(டி) பிரிவின் கீழ் அது தனிக் குற்றச்சாட்டு.

பேச்சுவார்த்தை பற்றி அளவுநாடா ஐயா சொன்னது சரி, ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. மத்திய கண்காணிப்பு ஆணையம் 2007 மார்ச்சில் விட்ட சுற்றறிக்கை, குறைந்த புள்ளிக்காரரோடுகூட விதிவிலக்கான சூழலில் மட்டுமே பேசலாம் என்றது. அது மத்திய அரசு அமைப்புகளுக்கானது, நம் உள்ளாட்சியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதன் பின்னால் உள்ள அச்சம் உண்மையானது. பேச்சுக்குக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தால் புள்ளிக்காரர் முன்கூட்டியே ஏற்றிப் போடுவார், பிறகு பெருந்தன்மையாகக் குறைப்பார். அதிகாரி "நான் மூன்று லட்சம் குறைத்தேன்" என்று குறிப்பெழுதுவார். குறைந்தது எது என்று கேட்டால் பதில் இருக்காது. முழு எண்ணாகக் குறைத்துக் கொடுத்த கடிதத்தைப் பார்த்தாலே எனக்குப் பேனா அரிக்கும்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் வழக்கம் கொஞ்சம் நாணயமானது. பழைய மதிப்பீட்டோடு ஒப்பிடாமல், அன்றைய சந்தை விலையில் "நியாயமான விலை" என்று ஒன்றைப் புதிதாகக் கணக்கிடுவார்கள். அதைவிட 5 சதவீதம் வரை கூடினால் பொருட்படுத்துவதில்லை. சிறப்புக் காரணம் இருந்தால், அதைப் பதிவு செய்து, 10 வரை போகலாம்.

வார்டுவாசி, பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். மதிப்பீட்டின் இனவாரி நகல், மூவரின் ஒப்பீட்டு அறிக்கை, நிராகரிப்புக்குப் பதிவு செய்த காரணம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வார்டுவாசி

நன்றி ஐயா. மன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் ஒப்பீட்டு அறிக்கையைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.

வடக்குத்தெரு

பத்து வருடமாக ஜப்பானில் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். இங்கே பொதுப்பணி ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஓர் உச்ச விலை குறித்து வைப்பார்கள். அதற்கு மேல் போன புள்ளியை ஏற்கவே முடியாது. எல்லோரும் மேலே போனால் அங்கேயே மறுபடி போடச் சொல்வார்கள். அதிலும் தேறாவிட்டால் ஒருவரோடு பேசி நேரடி ஒப்பந்தம் செய்ய உள்ளாட்சி விதியில் இடம் இருக்கிறது.

2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு வடகிழக்கு மாவட்டங்களில் பள்ளி, மருத்துவமனை வேலைகளுக்கு ஒப்பந்தப்புள்ளிகள் வரிசையாகத் தோற்றன. ஆள் இல்லை, பொருள் இல்லை, அரசின் விலை பழையது. அப்போது செய்த முக்கியமான காரியம், மதிப்பீட்டுக்குப் பயன்படும் கூலி விகிதத்தையே உயர்த்தியது. 2013 ஏப்ரலில் நாடு முழுக்கச் சராசரி 15 சதவீதம், பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 21 சதவீதம். ஒப்பந்ததாரரைத் திட்டிக்கொண்டிருந்தால் இன்றும் தற்காலிகக் கொட்டகையில்தான் பள்ளி நடந்திருக்கும்.

நறுக்

ஜப்பானில் விலையை ஏற்றினால் அது கொத்தனார் கைக்குப் போகும். இங்கே எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

அளவுநாடா

தம்பி, எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரே பதிலை வைத்துக்கொண்டால் எந்தக் கூரையும் போட முடியாது.

வார்டுவாசி

அறிக்கை கிடைத்தது. மதிப்பீடு 2021-22 விலைப்பட்டியலில் போட்டது. ஜி.எஸ்.டி. 12 சதவீதம் என்று சேர்த்திருக்கிறார்கள். மூவரும் 18 போட்டிருக்கிறார்கள். வரி சேராத அடிப்படைத் தொகை மதிப்பீட்டில் 34.29 லட்சம், குறைந்த புள்ளியில் 41.65 லட்சம். கூரை இனம் மட்டும் தனியாகத் தெரிகிறது: மதிப்பீட்டில் 7.50 லட்சம், குறைந்த புள்ளிக்காரர் 12 லட்சம், இரண்டாமவர் 9 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், மூன்றாமவர் 14-ஐத் தாண்டிவிட்டார். கழிப்பறை, பூச்சு, மின்கம்பி எல்லாவற்றிலும் மூவரும் ஏறியும் இறங்கியும் இருக்கிறார்கள்.

தணிக்கைத்தடை

உள்ளாட்சிக்குச் செய்யும் கட்டுமானப் பணிகளுக்கான வரி 2022 ஜூலை 18 முதல் 12-இலிருந்து 18 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று முறை ஒப்பந்தப்புள்ளி கோரியும் மதிப்பீட்டில் 12 நிற்கிறது என்றால், கோரியவர்கள் ஒருமுறைகூட அந்தத் தாளைத் திறக்கவில்லை. 34.29 லட்சத்துக்கு 18 சதவீதம் போட்டால் 40.46 லட்சம். அதாவது ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல், வரியைச் சரிசெய்தாலே 28 சதவீதம் 21-க்கு வந்துவிடும்.

கூரையை எடுத்துவிட்டு மீதியைப் பாருங்கள். மதிப்பீடு 26.79, புள்ளி 29.65. வித்தியாசம் ஏறக்குறைய 11 சதவீதம். இத்தனை ஆண்டு இடைவெளிக்கு அது பெரிதல்ல. அடுத்து, நறுக் கேட்டது: கூரை இனத்தில் 9, 12, 14 என்று மூவரும் சிதறியிருக்கிறார்கள், மற்றதில் குறுக்கே மறுக்கே போகிறார்கள். சேர்ந்து எழுதியவர்கள் இப்படிச் சிதறமாட்டார்கள். இது தெரியாமல் போட்டவர்களின் விலை. என்ன வேலை என்று மூவருக்கும் மூன்று விதமாகப் புரிந்திருக்கிறது.

நறுக்

சரி, இந்த அறிக்கையைப் பார்த்தால் சதி என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அறிக்கையை மன்ற உறுப்பினர் வழியாகக் கெஞ்சி வாங்க வேண்டியிருக்கிறதே, அது எதற்கு?

கடுக்காய்

இழையை இப்போதுதான் பார்த்தேன். பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் வேலையில் இருப்பவள். வார்டுவாசி, கூரை இனத்தின் விவரக்குறிப்பை அப்படியே இங்கே எழுத முடியுமா?

வார்டுவாசி

"20 மி.மீ. செங்கல் ஜல்லியைச் சுத்தமான நீற்றிய சுண்ணாம்புடன் 32-க்கு 12½ என்ற அளவில் கலந்து தளத்தின் மேல் இட்டு, திமிசுக் கட்டையால் அடித்து..." என்று போகிறது. பிறகு அதன்மேல் ஓடு பதிப்பது தனி இனம்.

கடுக்காய்

நினைத்தேன். அது கான்கிரீட் தளத்தின் மேல் வெயிலுக்கும் மழைக்கும் காப்பாகப் போடும் தளவரிசை. எந்த மொட்டை மாடி மதிப்பீட்டைத் திறந்தாலும் இருக்கும் வாசகம். யாரோ வேறொரு கட்டடத்தின் மதிப்பீட்டிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

உங்கள் பள்ளியின் கூரை அதுவல்ல. மெட்ராஸ் டெரஸில் தேக்கு உத்தரம், அதற்குக் குறுக்கே நெருக்கமாகச் சிறு மரச் சட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குவார்கள். தாங்குவது இந்த அடுக்குத்தான். அதற்கு மேலேதான் ஜல்லிக் கலவையும் ஓடும் வரும். ஒழுகல் பல ஆண்டு ஓடியிருந்தால் கீழ் அடுக்கின் சாந்து கரைந்து கல் தளர்ந்திருக்கும், சட்டங்களின் முனை மக்கியிருக்கும். உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றீர்களே, அந்த முனையை வெட்டி எடுத்துப் புது மரம் கோப்பதற்கு மதிப்பீட்டில் ஓர் இனமும் இல்லை என்று நினைக்கிறேன்.

9 லட்சம் போட்டவர் எழுதியிருப்பதை மட்டும் செய்வதாக நினைத்தார். 12 போட்டவர் ஒரு பகுதியாவது பிரித்து அடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்தார். 14 போட்டவர் மேலே ஏறிப் பார்த்திருக்கிறார்!

இதற்கு ஆள் கிடைப்பதும் எளிதல்ல. சுண்ணாம்பை நீற்றிக் குழியில் புளிக்கவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து வேலை செய்யத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு. சிமென்ட் பூசிச் சரிக்கட்டலாம் என்பார்கள். அது இறுகிக்கொண்டு பழைய செங்கல்லை மூச்சுவிடாமல் அடைத்து, ஈரம் உள்ளேயே நின்று மரத்தைத் தின்னும். சென்னை சேப்பாக்கம் அரண்மனையில் 2012-இல் தீக்கிரையான கலச மகாலையும் பிறகு ஹுமாயூன் மகாலையும் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு கொண்டே மீட்டது. ஆகவே இத்தகைய வேலைக்கு விலை கணக்கிட வழி துறைக்குள்ளேயே இருக்கிறது. கேட்டு வாங்கத்தான் ஆள் வேண்டும்.

சாரப்பலகை

அம்மா சொல்வது சரி. இப்படிப்பட்ட வேலையில் நான் 9 போட்ட ஆளைக் கண்டுதான் பயப்படுவேன். எடுத்துவிட்டு, கூரையைப் பிரித்த பிறகு "ஐயா, இது மதிப்பீட்டில் இல்லை" என்று கூடுதல் பணிக்குக் கடிதம் கொடுப்பார். பாதி திறந்த கூரை, மேலே மேகம். அப்போது மாநகராட்சி எந்த விலைக்கும் தலையாட்டும்.

அளவுநாடா

நான் முதலில் பேச்சுவார்த்தையை வலியுறுத்தினேன். இந்த விவரக்குறிப்பைப் பார்த்த பிறகு அதில் பயனில்லை என்று தோன்றுகிறது. என்ன வேலை என்றே தெளிவில்லாதபோது எதைக் குறைக்கச் சொல்லிப் பேசுவது? நிராகரித்தது சரி. அதே மதிப்பீட்டோடு மறுபடி கோரப்போவதுதான் தப்பு. நாலாம் முறையும் இதேதான் நடக்கும்.

நான் பணியில் இருந்திருந்தால் கோடை விடுமுறையில் ஒரு வகுப்பறையின் கூரையை, இரண்டு உத்தரங்களுக்கு இடைப்பட்ட ஒரு கட்டம் மட்டும், திறந்து பார்த்திருப்பேன். எத்தனை மரச் சட்டம் மாற்ற வேண்டும், எத்தனை சதுர மீட்டர் கல் அடுக்க வேண்டும் என்று எண்ணி எழுதியிருப்பேன். அந்த அளவுகளோடு திருத்திய மதிப்பீடு, புதிய தொழில்நுட்ப அனுமதி. பிறகு கோரினால் மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்வார்கள்.

வார்டுவாசி

மன்றத்தில் ஒருவர், பணம் போதாவிட்டால் கூரையை விட்டுவிட்டு மற்ற வேலைகளை இந்த 38 லட்சத்துக்குள் முடிக்கலாம் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கடுக்காய்

ஒழுகும் கூரைக்குக் கீழே புதுப் பூச்சும் புது மின்கம்பியுமா? அடுத்த வடகிழக்குப் பருவமழை வரைதான் அதன் ஆயுள். வெட்டத்தான் வேண்டுமென்றால் வண்ணப்பூச்சையும் முகப்பு வளைவையும் வெட்டுங்கள்.

தணிக்கைத்தடை

வெட்டுவது வேறு, பிரிப்பது வேறு. கூரையைத் தனிப் பணியாக, சுண்ணாம்பு வேலை அனுபவத்தைத் தகுதியாக வைத்துக் கோரலாம். காரணத்தைக் கோப்பில் எழுதினால் நான் தணிக்கைத் தடை எழுதமாட்டேன். ஆனால் அனுமதி வரம்புக்குள் அடக்குவதற்காக ஒரே வேலையைத் துண்டு துண்டாக்கினால் கட்டாயம் எழுதுவேன். இன்னொரு வழி, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே வரிசை சொல்லிவிடுவது: கூரையும் உத்தரமும் அடிப்படைப் பணி, பணம் இருந்தால் முதலில் கழிப்பறை, பிறகு வண்ணம். எந்தச் சேர்க்கையை வைத்துக் குறைந்த புள்ளி தீர்மானிக்கப்படும் என்பதையும் முன்னதாகவே அறிவிக்க வேண்டும். திறந்த பிறகு வரிசையை மாற்றினால் வேண்டியவருக்கு வேலை போகும்.

அவசரம் என்று சொல்லி ஒப்பந்தப்புள்ளி இல்லாமலே கொடுக்கச் சொல்லாதீர்கள். ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தரும் விலக்கு இயற்கைப் பேரிடருக்கும் அரசு அறிவித்த அவசரநிலைக்கும்; வருடக்கணக்காக ஒழுகும் கூரை அதில் வராது. நேரமும் அவ்வளவு பெரிய தடையல்ல. இரண்டு கோடி வரையிலான பணிக்கு ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்க 15 நாள் அவகாசம் கொடுத்தால் போதும். மேசைக்கு மேசை தூங்கும் மாதங்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

நறுக்

பணம்? திருத்திய மதிப்பீடு 50 லட்சத்தைத் தாண்டும். "நிதி இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அளவுநாடா

சொத்து வரியோடு சேர்த்து நாம் கல்வி வரியும் கட்டுகிறோம். அது தொடக்கக் கல்வி நிதி என்ற தனிக் கணக்கில் நிற்கும். பள்ளிக் கட்டடத்துக்கும் அந்தப் பணத்தைச் செலவிடலாம். அதில் இருப்பு எவ்வளவு என்று பட்ஜெட் புத்தகத்தில் இருக்கும். மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிட்டுவிட்டால் "நிதி இல்லை" என்று எழுதக் கை வராது.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததையும் ஒரு வரி எழுதுங்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். முட்டுக் கொடுத்த உத்தரத்தின் புகைப்படம் தேதியோடு இருக்கட்டும்.

சாரப்பலகை

பில் எத்தனை நாளில் கொடுப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி அதையும் சேருங்கள். நான்கு பேர் கூடுதலாக வருவார்கள்.

வார்டுவாசி

மனுவில் இப்போது இவை இருக்கின்றன: பழைய மதிப்பீட்டோடு மறுபடி கோராதீர்கள்; ஒரு கட்டம் திறந்து பார்த்து அளவெடுங்கள்; ஜி.எஸ்.டி.யையும் விலைப்பட்டியலையும் திருத்துங்கள்; கூரையை முதலில் வையுங்கள்; கல்வி நிதி இருப்பு இவ்வளவு; பில் தேதி. வகுப்பறையை உடனடியாகப் பூட்டி, பிள்ளைகளை எதிரேயுள்ள சமுதாயக் கூடத்துக்கு மாற்றச் சொல்லித் தனிக் கடிதம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். கடுக்காய் அம்மா, கூரையைத் திறக்கும் நாளில் வந்து பார்க்க முடியுமா என்று தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

கடுக்காய்

வருகிறேன். மரத்தை அவர்கள் குப்பையில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தேக்கில் முனை போனாலும் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாக இருக்கும். இறக்கிய மரத்தை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அது காணாமல் போவதுதான் வழக்கம்.

நறுக்

அதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த ஊர் என்று சொல்லுங்கள்.